வால்ற்றரின் நாம்பன்களும் ஒரு பட்டிப் பொங்கலும்

சுவிஸில் கால் வைத்த அன்றே எனக்கு ஒரு வாக்குவாதம் வாய்த்தது. ஓர்லிகோனில் இருக்கும் என் பள்ளித் தோழியின் வீட்டில் புட்டும் மீன்குழம்பும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கணவர் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்பவர். நான் எதற்காக வந்தேன் என்று கேட்டார். இறைச்சிக்காக வளர்க்கும் மாடுகளை நோய் வராமல் பராமரிப்பது பற்றி ஒரு பயிற்சி, கிளிநொச்சியிலிருந்து அரசாங்கம் என்னை அனுப்பியிருக்கிறது என்றேன். மனுசன் அகப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"மாட்டுக்குப் பொங்கிப் படைக்கிற சனமெல்லே நாங்கள். வெட்டுறதுக்கு வளர்க்கிற மாட்டுக்கு நீங்கள் வைத்தியம் பார்க்கலாமோ டொக்டர்?"

"வெட்டப் போற மாட்டுக்கும் வயித்துக்குத்து வரும். வெட்டுற நாள் வரைக்குமாவது அது சுகமாய் இருக்க வேண்டாமோ?"

அவர் யோசித்துவிட்டு என் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் புட்டுப் போட்டார். இந்தக் கேள்வியை ஊரிலும் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். பொம்பிளை டொக்டர் நாம்பன் காளைக்கு ஊசி போடுவாவோ என்று கேட்டவர்களும் அதே ஆட்கள்தான். நான் பதில் சொல்லிக்கொண்டே ஊசியையும் போட்டுவிட்டுப் போவேன். ஆனால் இந்தப் பயணத்தில் ஒரு பண்ணை முற்றத்தில் பனிக்குள் நின்று அடம்பிடிக்க வேண்டி வரும் என்று நான் நினைக்கவில்லை.

பயிற்சி ஒரு விவசாயப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. முதல் நாள் மத்தியானம் அவித்த உருளைக்கிழங்கும் உருக்கிய சீஸும் வந்தன. கூடவே, காயவைத்து மெல்லிசாகச் சீவிய மாட்டிறைச்சி ஒரு தட்டு நிறைய. நான் தட்டை அடுத்தவரிடம் தள்ளினேன். மேசையின் மறுபக்கத்தில் இருவர் தங்கள் பாஷையில் கதைத்துச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த பெண்மணி எனக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னாள். "மாட்டைக் கும்பிடுகிறவர்களுக்கு மாட்டை வளர்க்கச் சொல்லிக் கொடுத்து என்ன பயன்" என்றார்களாம். கும்பிடுகிற மாட்டுக்குக் காய்ச்சல் வராதா என்று அவளிடமே திருப்பிக் கேட்டேன். அவள் அதை அவர்களுக்குச் சொன்னாளோ தெரியாது. உருளைக்கிழங்கு மட்டும் நல்ல ருசி. ஒரு பச்சை மிளகாய் இருந்திருந்தால் சொர்க்கம்.

பாடம் எடுத்தவர் சிவந்த முகமும் அகன்ற கைகளும் கொண்ட மிருக வைத்தியர். படம், கணக்கு ஒன்றும் இல்லாமல் எங்களை நேராகத் தொழுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாட்டைத் தொடுவதற்கு முதல் கையைக் கட்டிக்கொண்டு நின்று பாருங்கள் என்றார். தீனி போடும் நேரத்தில் எது முன்னுக்கு வருகிறது, எது பின்னுக்கு நிற்கிறது, எது படுத்தபடி இரைமீட்கிறது, எது இரைமீட்காமல் சும்மா கிடக்கிறது என்று பார்த்தாலே பாதி வைத்தியம் முடிந்தது என்றார். வெளியிலிருந்து வாங்கி வரும் கன்றைக் கொஞ்ச நாள் தனியே கட்ட வேண்டும். படுக்கை காய்ந்திருக்க வேண்டும். குளிர் என்று யன்னலை எல்லாம் பூட்டினால் கன்றுகள் இருமத் தொடங்கும். மாடு குளிரைத் தாங்கும், கெட்ட காற்றைத் தாங்காது. தீனியை ஒரு நாளில் மாற்றக்கூடாது, சிறுகச் சிறுக மாற்ற வேண்டும். முதலில் காய்ந்த புல், பிறகுதான் தானியம்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊரில் தை மாதம் பிறந்தால் பொங்கலால் மாடு விழும் என்று சொன்னேன். மாட்டின் பெருவயிறு புல்லுக்கு அமைந்தது. அன்பு மிஞ்சிப்போய் ஒரு பானைச் சோற்றையும் சர்க்கரையையும் ஒரேயடியாக ஊட்டினால் உள்ளே எல்லாம் புளித்துவிடும். மாடு தள்ளாடும், படுக்கும், கவனிக்காவிட்டால் சாகும். தைப்பொங்கலுக்கு மறுநாள் மாட்டுக்கென்று பொங்குவது பட்டிப் பொங்கல். அதற்கு அடுத்த நாள் என் வைத்தியசாலை வாசலில் மாட்டு வண்டில் நிறைய மாட்டையே ஏற்றிக்கொண்டு வருவார்கள். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். பாடம் எடுத்தவர் சிரிக்கவில்லை. "இங்கே பொங்கல் இல்லை. ஆனால் அதே நோய்தான்" என்றார்.

பயிற்சி முடிந்தது வெள்ளிக்கிழமை. தைப்பொங்கலும் பட்டிப் பொங்கலும் அந்த வாரத்திலேயே வந்து போயிருந்தன. சனிக்கிழமை பீலுக்குப் புறப்பட்டேன். என் சித்தியின் மகன் சிவபாலன் அந்தப் பக்கம் இருந்தான். அகதியாக வந்தவன், பீலுக்குக் கிட்ட ஒரு கிராமத்தில் வால்ற்றர் என்பவருடைய மாட்டுப் பண்ணையில் வேலை. பண்ணையிலேயே ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள்.

ரயில் பீலில் வந்து நின்றது. நான் கதவடியில் பையோடு தயாராக நின்றேன், கதவு தானாகத் திறக்கும் என்று. அந்தக் கதவுக்கு ஒரு பிடி இருக்கிறது, அதை நாங்களே திருப்ப வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? ரயில் புறப்பட்டுவிட்டது. யன்னலுக்கு வெளியே ஒரு தமிழ் முகம் கையை ஆட்டிக்கொண்டு கூடவே ஓடி வந்து பின்தங்கியது. ஒரு பெரிய ஏரியின் கரையோரமாக, பார்க்க வேண்டிய தேவையே இல்லாத திராட்சைத் தோட்டங்களை எல்லாம் பார்த்துக்கொண்டு போனேன். டிக்கெட் பார்க்க வந்தவர் நான் கையால் காட்டிய கதையைக் கேட்டு, பிடியை எப்படித் திருப்புவது என்று ஒரு வகுப்பே எடுத்தார். எங்கள் ரயிலில் கதவே சாத்துவதில்லை என்பதை அவருக்கு விளக்க எனக்குப் பாஷை போதவில்லை.

திரும்பி வந்து இறங்கியபோது, கூடவே ஓடிய அதே மனிதர் காத்திருந்தார். சிவபாலன் இல்லை. வந்தவர் மகேஸ் அண்ணை. கடிகாரப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை, ஜெர்மனும் பிரெஞ்சும் ஓரளவு சமாளிப்பார், புதிதாக வரும் பெடியள் எல்லோருக்கும் அவர்தான் வாய்.

"தம்பி என்ரை வீட்டிலைதான் நிக்கிறான். ஒரு பிரச்சினை டொக்டர்."

நடந்துகொண்டே சொன்னார். இறைச்சிக்கு வளர்க்கும் வால்ற்றரின் நாம்பன்கள் நோயில் விழுந்துவிட்டன. பட்டிப் பொங்கலன்று காலை சிவபாலன் யாரையும் கேளாமல் தொழுவத்தில் மாடுகளுக்குப் பொங்கல் ஊட்டியிருக்கிறான். அன்று மத்தியானமே நாம்பன்கள் தீனி எடுக்கவில்லை. அடுத்த நாள் தள்ளாடின, ஒன்று படுத்துவிட்டது. வால்ற்றர் நிலத்தில் சிந்திக் கிடந்த சோற்றையும் உலர்ந்த திராட்சையையும் கண்டுவிட்டார். தமிழன் மாட்டுக்கு நஞ்சு வைத்துவிட்டான் என்று ஊர்ப் பால் நிலையத்தில் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டு, சிவபாலனைப் பண்ணையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்.

வேலை போனால் அறையும் போகும். மாட்டுக்கு நஞ்சு வைத்தவன் என்ற பேரோடு வேறு எவனும் அவனை எடுக்க மாட்டான். அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. இந்தப் பேர் அங்கேயும் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

சிவபாலன் மகேஸ் அண்ணையின் குசினியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தான். தேத்தண்ணி ஆறிப் போய்க் கிடந்தது. என்னைக் கண்டதும் எழும்பினான். சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

"எவ்வளவு பொங்கினனீ?"

அடுப்பில் கவிழ்த்திருந்த சட்டியைக் காட்டினான். பால் காய்ச்சுகிற சட்டி. "இதுக்குள்ளைதான் அக்கா. அதிலையும் அரைவாசி நாங்கள் சாப்பிட்டிட்டம்."

"எந்த மாட்டுக்குக் குடுத்தனீ?"

"தாய்ப் பசுக்களுக்கு மட்டும். நெத்தியிலை குங்குமம் வைச்சு, ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு பிடி."

"நாம்பனுக்கு?"

"நாம்பனுக்குக் கிட்டப் போகப் பயம் அக்கா. பசுக்கள் கட்டின மாடு. நாம்பன்கள் கம்பிக் கூட்டுக்குள்ளை அவிட்டபடி நிக்கும். கையை விட்டால் கை போயிடும்."

"பொய் சொல்லியிருந்தால் வால்ற்றருக்கு முதல் ஆளாய் நான்தான் சொல்லுவன். தெரியுமெல்லே?"

"ஓம் அக்கா."

கேளாமல் செய்தது பிழை என்று இரண்டு வார்த்தை பேசினேன். பேச வேண்டிய இடம்தான். பிறரின் தொழுவம், பிறரின் மாடு. கேட்டால் மாட்டன் என்று சொல்லிவிடுவார் என்ற பயத்தில் கேட்கவில்லை என்றான். அன்றைக்குப் பட்டியில் மாடு நிற்க, அதுகளுக்கு ஒன்றும் செய்யாமல் இருக்கத் தன்னால் ஏலவில்லை என்றான்.

மகேஸ் அண்ணைக்கு வேறு யோசனை இருந்தது. "நாங்கள் எல்லாரும் கதைச்சனாங்கள் டொக்டர். தம்பி போய் ஒரு மன்னிப்புக் கேக்கட்டும். நீங்களும் பெரிய ஆள், கூடப் போனால் மனுசன் இரங்குவார். இஞ்சை எங்களைப் பற்றி ஏற்கனவே ஒரு மாதிரித்தான் கதைக்கினம். குனிஞ்சு போனால் சோலியில்லை."

"செய்யாததுக்கு மன்னிப்போ?"

"செய்தானோ இல்லையோ எண்டு ஆருக்குத் தெரியும்?"

"மாட்டுக்குத் தெரியும். வாங்கோ போவம்."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் முகத்தில் அறைந்தது குளிர். நான் சேலைக்கு மேல் தோழியின் கோட்டும், காலில் துணிச் சப்பாத்தும். சப்பாத்துப் பண்ணை வாசலிலேயே நனைந்துவிட்டது. வால்ற்றர் வெளியே வந்தார். நெடிய ஆள், காதை மூடிய தொப்பி, தூங்காத கண். சிவபாலனைப் பார்க்காமல் மகேஸ் அண்ணையிடம் கேட்டார்.

"இந்த அம்மா யார்?"

மகேஸ் அண்ணை சொன்னார். வால்ற்றர் என் சேலைக் கரையைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு மிருக வைத்தியர் இருக்கிறார். அவர் வந்துகொண்டிருக்கிறார். உங்களுக்கு இங்கே வேலை இல்லை."

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். மகேஸ் அண்ணை என் முழங்கையைத் தொட்டு, "போவம் டொக்டர்" என்றார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். ஊரில் மருந்துப் பெட்டியோடு ஒவ்வொரு காவலரணிலும் இறங்கி, இது ஊசி, இது மாட்டுக்கு என்று நீட்டிய துவக்குக்கு முன்னால் விளக்கம் சொல்லிச் சொல்லி வேலைக்குப் போகிறவள் நான். ஒரு சாத்திய கதவுக்கா திரும்பிப் போவேன்?

"நான் இஞ்சைதான் நிக்கிறன் எண்டு கதவுக்கு வெளியிலை நிண்டு பலமாய்ச் சொல்லுங்கோ."

மகேஸ் அண்ணை பலமாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னார். நின்றோம். பனி தூவத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் வால்ற்றரின் மனைவி மார்த்தா பக்கத்துக் கதவால் வந்து, தன்னுடைய ரப்பர் சப்பாத்து ஒரு சோடியை என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். எனக்குப் பெரிய அளவு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போட்டேன். அந்தக் கோலத்தில் என்னை என் வைத்தியசாலைக் காவலாளி கண்டிருந்தால் ஒரு மாதத்துக்குச் சிரித்திருப்பான்.

வைத்தியர் ஜீப்பில் வந்து இறங்கினார். என்னைவிட இளையவர், ஆங்கிலம் மெதுவாக வந்தது. நான் யார், எங்கே வேலை செய்கிறேன், எதற்கு நிற்கிறேன் என்று சொன்னேன். சோறு தின்ற மாட்டை வருடா வருடம் பார்க்கிறவள், இது சோறுதான் என்றால் நானே சொல்லிவிட்டுப் போகிறேன் என்றேன். அவர் தோளைக் குலுக்கி, "வாருங்கள், நான்கு கண் நல்லது" என்றார். வைத்தியரோடு உள்ளே போகும் ஆளை வால்ற்றரால் தடுக்க முடியவில்லை.

தொழுவம் வெதுவெதுப்பாக இருந்தது. யன்னல் எல்லாம் பூட்டி, கண் கரித்தது. அதைப் பற்றிச் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தேன்.

இடது பக்கம் தாய்ப் பசுக்கள் வரிசையாகக் கட்டியிருந்தன. பாலை விற்காமல் கன்றையே குடிக்க விட்டு வளர்க்கும் பசுக்கள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் கலைந்தும் கலையாமலும் குங்குமம். எல்லாம் படுத்திருந்து கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு இரைமீட்டன. வலது பக்கம் கம்பிக் கூட்டுக்குள் நாம்பன்கள். குங்குமம் ஒன்றில்கூட இல்லை. ஒன்று எழும்ப மாட்டாமல் கிடந்தது. மற்றவை கால் நோகிறவை போல எட்டி எட்டி வைத்தன. வயிறு உப்பி, தட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பியது. சாணி சாம்பல் நிறத்தில் நீராகப் போயிருந்தது.

"பார்த்தீர்களா" என்று வைத்தியரிடம் கேட்டேன். "பொட்டு வைத்த மாடுதான் பொங்கல் தின்ற மாடு. பொட்டு இல்லாமல் பொங்கல் கொடுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அவை நன்றாக இருக்கின்றன. விழுந்தவை எல்லாம் பொட்டு இல்லாதவை."

வைத்தியர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு நாம்பனின் வாய்க்குள் குழாயை விட்டுப் பெருவயிற்று நீரை வாளியில் எடுத்தார். புளித்த கள்ளு மணம் தொழுவமெல்லாம் அடித்தது. புளிப்புப் பார்க்கும் தாளை நனைத்தார். நிறம் மாறியதை இருவரும் பார்த்தோம். வாளிக்குள் சோறு ஒரு பருக்கையும் இல்லை. களி களியாக ஏதோ மா.

"என்ன தீனி போட்டீர்கள்?" என்று வைத்தியர் வால்ற்றரைக் கேட்டார்.

"வழமையானதுதான்."

வைத்தியர் தொண்டையைச் செருமினார். "பல காரணங்கள் இருக்கலாம்" என்றார். வாடிக்கைக்காரர் மனம் நோகக்கூடாது என்ற அந்தச் செருமலை நான் எந்தப் பாஷையிலும் கண்டுபிடிப்பேன். நானும் அப்படிச் செருமியவள்தான்.

"டொக்டர், இது என்ன நோய் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இனி, எதைத் தின்றதால் வந்தது என்று மட்டும் கேளுங்கள்" என்றேன்.

அவர் கேட்பதற்கு முன் வாசலில் இருந்து மார்த்தாவின் குரல் வந்தது. மகேஸ் அண்ணை என் காதில் ஒவ்வொரு வசனமாகச் சொன்னார்.

"பாண். பேக்கரியில் விற்காமல் மிஞ்சிய ரொட்டி, ஒரு வண்டில் நிறைய வந்தது. வழமையாகக் கொஞ்சம்தான் கொடுப்போம். பூஞ்சணம் பிடிக்க முதல் முடிக்க வேண்டும் என்று இவர் எல்லாவற்றையும் ஒரேயடியாக நாம்பன்களுக்குப் போட்டார். அன்றைக்குப் பையன் லீவு. புல்லுப் போடாமலே பாணைப் போட்டார். நான் வேண்டாம் என்று சொன்னேன்."

வால்ற்றர் மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பையன் லீவு எடுத்த அந்த நாள் தைப்பொங்கல். பீலில் மகேஸ் அண்ணை வீட்டில் அவன் பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே நாம்பன்கள் பாணைத் தின்று முடித்துவிட்டன. அடுத்த நாள் அவன் சட்டியோடு வந்தபோது நோய் ஏற்கனவே உள்ளே இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு கதைக்க நேரம் இல்லை. நாம்பன்களை ஒவ்வொன்றாக ஒரு மூலைக்கு ஒதுக்கித் தலையைக் கட்டினோம். வயிற்றைக் கழுவி, அப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குழாயால் இறக்கினோம். பாண் துணிக்கைகளை ஒன்றுவிடாமல் கூட்டி வெளியே கொட்டி, தொட்டியில் காய்ந்த புல் மட்டும் போட்டோம். கிடந்த நாம்பன் எழும்பவே இல்லை. அதைப் பிழைக்க வைக்க ஏலாது என்று வைத்தியர் சொன்னார், நானும் அதையே சொன்னேன். வால்ற்றர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். அந்த ஒரு நிமிடம் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் குறைந்தது.

புளித்துப் போன வயிற்றில் நல்ல கிருமிகள் செத்துவிடும். சுகமான மாட்டின் வயிற்று நீரை எடுத்து ஊற்றினால் திரும்ப இரைமீட்கத் தொடங்கும். எந்த மாட்டில் எடுப்பது என்று வைத்தியர் கேட்டார். சிவபாலன் போய்க் குங்குமம் மிக நன்றாகத் தெரிந்த ஒரு பெரிய பசுவின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். பொங்கல் தின்ற அந்தப் பசுவின் வயிற்று நீரைத்தான் வால்ற்றரின் நாம்பன்களுக்கு ஊற்றினோம். எனக்கு உள்ளூர ஒரே சந்தோசம். மறைக்கவும் இல்லை.

வேலை முடிந்து கை கழுவும்போது வைத்தியர் வால்ற்றரிடம் நேராகவே சொல்லிவிட்டார், பாண்தான் என்று. வால்ற்றர் துவாயால் நெடுநேரம் கையைத் துடைத்தார். பிறகு சிவபாலனைப் பார்த்து, "திங்கட்கிழமை வேலைக்கு வா" என்றார். "ஆனால் தொழுவத்துக்குள் இனி அந்தச் சடங்கு வேண்டாம்."

மகேஸ் அண்ணையின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் நன்றி சொல்ல வாயைத் திறந்தார். சிவபாலன் முந்திக்கொண்டான், தமிழில்.

"அண்ணை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லுங்கோ. திங்கக்கிழமை வாறன். ஆனால் பால் நிலையத்திலை எல்லாருக்கும் முன்னாலை என்னை நஞ்சு வைச்சவன் எண்டு சொன்னவர். அதே இடத்திலை போய், பாண் எண்டும் சொல்ல வேணும்."

"உனக்கென்ன விசரே? வேலை திரும்பக் கிடைச்சிட்டுது. வாயை மூடிக்கொண்டு இரு."

"சொல்லுங்கோ அண்ணை."

மகேஸ் அண்ணை என்னைப் பார்த்தார், நான் தடுப்பேன் என்று. எனக்கும் பயம்தான். கையில் வந்த வேலையை இவன் காற்றில் விடுகிறானே என்று. ஆனாலும் வாசலில் அவ்வளவு நேரம் அடம்பிடித்து நின்றவள் இப்போது குனி என்று எந்த வாயால் சொல்வது?

"சொல்லுங்கோ மகேஸ் அண்ணை. ஒண்டையும் குறைக்காமல் சொல்லுங்கோ."

சொன்னார். குரல் தட்டுத் தடுமாறியது. வால்ற்றரின் கழுத்து சிவந்தது. அவர் ஏன் அன்று அப்படிச் சொன்னார் என்பதை பிறகு சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்தபோது மார்த்தா என்னிடம் சொன்னாள். பாலை விட்டு இறைச்சிக்கு மாறிய முதல் ஆள் அவர்தான். ஊரே அவரைக் கேலி செய்துகொண்டிருந்ததாம். தன் கையால் நாம்பன்களை விழுத்தினேன் என்று அந்த ஆட்களுக்கு முன்னால் சொல்வதைவிட, பழியை வெளியூர்ப் பொடியனின் சோற்றில் போடுவது லேசாக இருந்திருக்கிறது.

வால்ற்றர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "வா" என்றார்.

பால் நிலையம் கிராமத்தின் நடுவில் இருந்தது. மாலைப் பால் கொண்டு வந்தவர்கள் வாளிகளைக் கழுவிக்கொண்டு, சுருட்டோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நாலு பேரும் உள்ளே போனதும் கதை நின்றது. என் சேலையையும் மார்த்தாவின் சப்பாத்தையும் எல்லோரும் மேலும் கீழும் பார்த்தார்கள். வால்ற்றர் நடுவில் போய் நின்றார்.

"பாண்தான்" என்றார். "நான் போட்ட பாண். இவன் இல்லை."

அவ்வளவுதான். ஒருவர் தலையாட்டினார். ஒருவர் சிரிப்பை அடக்கச் சுருட்டைக் கடித்தார். இன்னொருவர், "அப்போ அந்தச் சோறு?" என்று கேட்டார். "சோறு தின்ற மாடுகள் நன்றாக இருக்கின்றன" என்றார் வால்ற்றர், எரிச்சலோடு. மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. மகேஸ் அண்ணை எனக்கு எல்லாவற்றையும் தமிழில் சொன்னார். நான் கேளாமலே இன்னொரு தரமும் சொன்னார், இந்த முறை பலமாக.

பஸ்ஸுக்கு நடக்கும்போது பனி விட்டிருந்தது. சிவபாலன் என் பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான்.

"மனுசன் மாட்டன் எண்டு சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேட்டேன்.

"வேலையை விட்டிருப்பன் அக்கா."

"பிறகு?"

"பிறகு உங்களிட்டை வந்து அழுதிருப்பன்." பையைத் தோள் மாற்றிக்கொண்டான். "ஆனால் வேலையை விட்ட பிறகுதான்."